பொதுப் பாதுகாவலர் வேலைக்குப் போகலாமா?

சிட்னியில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நியூ சவுத் வேல்ஸ் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வயது போனவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பதிலாக முடிவெடுக்கும் அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும், சட்டம் படித்திருக்க வேண்டுமா என்பது கேள்வி. கடைசியில் சின்னதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இது பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரிக்கிற வேலை என்று என் கணவர் சொல்கிறார்." உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெற்ற பிள்ளை இருக்க, சம்பளத்துக்கு வந்த ஒருத்தி இன்னொருவருடைய அம்மா எங்கே படுத்து எழும்ப வேண்டும் என்று சொல்லலாமா? சொல்லிவிட்டு இரவு நித்திரை வருமா?

நான் இந்த வேலையை அவுஸ்திரேலியாவின் வேறொரு மாநிலத்தில் பதினொரு வருடம் செய்தேன். விட்டு மூன்று வருடமாகிறது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நீங்கள் சிட்னி என்பதால் சட்டத்தை உங்கள் மாநிலத்தை வைத்தே எழுதுகிறேன். நாளாந்த வேலை பற்றிச் சொல்வது என் அனுபவம் மட்டுமே, உங்கள் அலுவலகத்தில் கொஞ்சம் வேறாக இருக்கலாம். ஆட்களைப் பற்றிய இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சட்டப் படிப்பு வேண்டியதில்லை. என்னோடு இருந்தவர்களில் சமூகப் பணி, உளவியல், தாதித் தொழில், மாற்றுத்திறனாளி சேவை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தவர்கள் உண்டு. சட்டத்தரணிகள் இரண்டு பேர்தான். ஆனால் ஒரு சட்ட உத்தரவைச் சொல் சொல்லாகப் படிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உங்கள் அதிகாரம் முழுவதும் அந்த ஒன்றிரண்டு பக்கக் கடதாசியில்தான் இருக்கும்.

'பாதுகாவலர்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றும். பள்ளிக்கூடப் படிவத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று பார்த்துப் பழகியதால், கூட இருந்து பார்த்துக்கொள்பவர் என்றுதான் மனதில் விழும். இந்த வேலையில் நீங்கள் யாரையும் குளிப்பாட்டப் போவதில்லை, சோறு ஊட்டப் போவதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதும் இல்லை. நாள் முழுக்கப் போனும் ஈமெயிலும் பிறர் எழுதிய ரிப்போட்டுகளும்தான். முடிவில் ஒரு கையெழுத்து. நேரில் ஆட்களைப் பார்க்கும் நாட்கள் நீங்கள் இப்போது எதிர்பார்ப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். கையால் வேலை செய்து பழகிய சமூகப் பணியாளர்களுக்கு முதல் ஆறு மாதம் இதுதான் பெரிய கஷ்டம்.

இனிச் சட்டம். உங்கள் மாநிலத்தில் இதற்கு அடிப்படை 1987ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். ஒருவருக்குத் தன் விஷயத்தில் முடிவெடுக்கும் திறன் இல்லை, அதனால் ஏதோ ஒரு முடிவு தேங்கி நிற்கிறது என்று யாராவது விண்ணப்பித்தால், 2014 முதல் என்கேட் (NCAT) என்று எல்லோரும் சொல்லும் மாநிலத் தீர்ப்பாயம் விசாரிக்கும். வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள்: ஒரு சட்டத்தரணி, மருத்துவமோ உளவியலோ சமூகப் பணியோ தெரிந்த ஒருவர், இப்படியான மனிதர்களோடு பழகிய அனுபவமுள்ள ஒருவர். அவர்கள் பாதுகாவலரை நியமித்தால், எந்தெந்த விஷயத்தில் முடிவெடுக்கலாம் என்று தனித்தனியாக எழுதுவார்கள். எங்கே வசிப்பது, மருத்துவச் சம்மதம், எந்தச் சேவைகள், யார் வந்து பார்க்கலாம் என்று. எழுதாத விஷயத்தில் உங்களுக்கு அதிகாரம் கிடையாது. முதல் உத்தரவு வழக்கமாக ஒரு வருடத்துக்கு மேல் போகாது. புதுப்பித்தால் மூன்று வருடம் வரை, சில நிலைமைகளில் அதற்கும் மேலே நீளலாம். பணம் இதில் வரவே வராது. அதற்குத் தனி உத்தரவு, தனி ஆட்கள். உயில், வாக்கு, கல்யாணம் எதிலும் நீங்கள் தலையிட முடியாது. 2023 நவம்பரில் உங்கள் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த உதவியுடனான மரணச் சட்டத்திலும் பாதுகாவலருக்கு இடமில்லை, அதை அந்த மனிதர் தானே, தெளிவான புத்தியோடு கேட்க வேண்டும்.

பிரிட்னி ஸ்பியர்ஸ் கதையைச் சொல்லி யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். அது கலிபோர்னியா, 2008இல் தொடங்கிப் பதின்மூன்று வருடம் போய் 2021 நவம்பரில் முடிந்தது. அங்கே பெரும்பாலான காலம் அதிகாரம் தகப்பனின் கையில் இருந்தது. சொந்தக்காரர் கையில் இருந்தால் நல்லது என்று நம்புகிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. வேறு பொருத்தமான ஒருவரை நியமிக்க முடியுமென்றால் பொதுப் பாதுகாவலரை நியமிக்கக் கூடாது என்று அது நேராகவே சொல்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் தீர்ப்பாயத்தின் பக்கமே போவதில்லை. அம்மாவுக்குச் சுயநினைவு குழம்பினால், சாதாரண வைத்தியத்துக்கு, முன்பே நியமித்த பாதுகாவலர் யாரும் இல்லாவிட்டால், கணவர், அவரும் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்பவர், பிறகு நெருங்கிய சொந்தக்காரர் அல்லது நண்பர் என்று ஒரு வரிசையில் சம்மதம் கொடுக்கலாம். எந்த உத்தரவும் தேவையில்லை. எங்கள் மேசைக்கு ஒரு பெயர் வந்தால், ஒன்றில் அவருக்கு யாரும் இல்லை, அல்லது இருப்பவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை, அல்லது இருப்பவரில் ஒருவர் அம்மாவின் வங்கி அட்டையைத் தன் பேர்ஸில் வைத்திருக்கிறார். அதாவது நாங்கள் போகும்போது பிரிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். நாங்கள் பிரித்ததே இல்லையா என்றால், உண்டு. மகன் வந்து பார்க்கும் நேரத்தைச் செவ்வாய், சனி என்று கட்டுப்படுத்தி நானே கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் வரும் நாட்களில் தாய் சாப்பிடாமல் விட்டதை ஊழியர்கள் ஆறு கிழமை தொடர்ந்து குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கடிதம் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தாய் சாப்பிடாததற்கு மகன்தான் காரணம் என்பது ஊகமே, நிரூபணம் இல்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதினேன்.

நீங்கள் இதுவரை போனின் அந்தப் பக்கம் இருந்தவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பாதுகாவலரைக் கூப்பிட்டு, கட்டில் வேண்டும், நேர்சிங் ஹோமில் இடம் இருக்கிறது, இன்றைக்கே சம்மதம் தாருங்கள் என்று கேட்டிருப்பீர்கள். இனி அந்தக் கோலை எடுக்கப் போவது நீங்கள். எனக்கு வந்த அப்படியான ஒரு கோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எண்பத்தொரு வயதுக் கிரேக்கர், தனியாள். சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, நாலாம் நாள் புத்தி குழம்பியிருந்தபோது செய்த பரிசோதனையை வைத்து 'முடிவெடுக்கும் திறனில்லை' என்று எழுதி, அந்த வழியில் உத்தரவும் வந்துவிட்டது. தொற்றினால் வரும் குழப்பம் நாட்களில், சிலருக்குக் கிழமைகளில், தெளியக்கூடியது என்பது உங்களுக்குத் தெரியும். தெளிவதற்கு முன்பு செய்த பரிசோதனை அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும், அந்த மனிதரைப் பற்றி அதிகம் சொல்லாது. நான் திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன். வார்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

திங்களன்று நேரில் போனேன். மொழிபெயர்ப்பாளர் போனில். கிழவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கோழிகளுக்கு யார் தீன் போடுகிறார்கள்?" எனக்குத் தெரியாது. எவரும் விசாரித்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேலிக்கு மேலால் போட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. மாதம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் விழலாம், விழுந்தால் போனுக்கு எட்டாமல் கிடக்கலாம் என்பதை அவராகவே சொன்னார். சொல்லிவிட்டு, "கிடக்கிறேன்" என்றார். அவர் வீட்டுக்குப் போகட்டும், காலையும் மாலையும் ஆள் வந்து பார்க்கட்டும், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஏழாம் கிழமை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை, அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். அதுவரை நாங்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு மருமகள் போன் எடுத்து, "நீதான் அவரை விழ வைத்தாய்" என்றாள். நான் எழுதிய முடிவை எடுத்துத் திரும்பப் படித்தேன். அதில் மாற்ற ஒரு வரியும் கிடைக்கவில்லை, ஆனாலும் அது சரிதானா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நேர்சிங் ஹோமுக்கு நேராக அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஆசை அதுதான். பாதுகாப்பான முடிவு பல தடவை எங்களுக்குப் பாதுகாப்பான முடிவாக இருக்கும்.

இளையவர்கள் பக்கம் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் என்டிஐஎஸ் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்புறுதித் திட்டத்தின் சேவைகள், கூட்டாக வாழும் வீடுகள், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளுக்கான சம்மதம். தனியே அடைத்து வைத்தல், மருந்து, கட்டுதல், உடலைப் பிடித்தல், குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டுவது போல இடத்தைக் கட்டுப்படுத்தல் என்று ஐந்து வகை. பேச்சு வராத முப்பது வயதுப் பையன் ஒருவன். பின்னேரங்களில் கத்துகிறான், தலையில் அடிக்கிறான் என்று ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைக் கூட்டக் கேட்டார்கள். ரிப்போட் நன்றாக எழுதப்பட்டிருந்தது, சம்மதித்தேன். ஆறு மாதத்தில் திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் சம்மதித்தேன். மூன்றாம் தடவைதான் கடைசியாகப் பல் டொக்டரிடம் எப்போது போனான் என்று கேட்கத் தோன்றியது. நாலு வருடத்துக்கு முன்பு. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். பல்லைப் பிடுங்கிய பிறகு கத்தல் கணிசமாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. அந்த முதல் இரண்டு கையெழுத்துகளும் என்னுடையவை. அதற்குப் பிறகு மருந்தைக் கூட்டச் சொல்லி வரும் எந்தக் கடிதத்துக்கும், பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் பதில் போட்டதில்லை.

நம் ஆட்கள் விஷயத்தில் உங்களால் முடிகிற ஒன்று மற்றவர்களால் முடியாது. மறதி நோய் முற்ற முற்ற, பிறகு படித்த ஆங்கிலம் முதலில் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சுவது பலருக்கு நடக்கும். ஒருமுறை சக ஊழியர் ஒருவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் ரிப்போட்டைப் பெயரை மறைத்துக் காட்டினார். 'கையால் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்' என்று பின்னடைவுகளின் பட்டியலில் எழுதியிருந்தார்கள்! ஞாபகத்தையும் புத்தித் தெளிவையும் சோதிக்கப் பரவலாகப் பயன்படுத்தும் 1975ஆம் ஆண்டு எம்எம்எஸ்ஈ பரிசோதனையில் இப்போது என்ன பருவகாலம் என்று ஒரு கேள்வி வரும். அவர் 'மாரி' என்றிருக்கிறார், பிழை போட்டிருந்தார்கள். 'நோ இஃப்ஸ், அன்ட்ஸ் ஓர் பட்ஸ்' என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கும் பூச்சியம். இப்படியான குறைக்காகத்தான் சிட்னியின் தென்மேற்கிலேயே ரூடாஸ் என்று ஒரு பரிசோதனையை உருவாக்கி 2004இல் வெளியிட்டார்கள். தெருவைக் கடப்பது எப்படி, கடையில் வாங்க வேண்டிய தேயிலை, எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என்ன என்ன என்று கேட்பார்கள், எந்த மொழியிலும் கேட்கலாம். முப்பதுக்கு இருபத்திரண்டும் அதற்குக் கீழும் வந்தால் மேலும் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம், மறதி நோய் உறுதி என்று அர்த்தமில்லை. தமிழ் பேசும் ஒருவருக்கு எம்எம்எஸ்ஈ எண் மட்டும் வந்தால் ரூடாஸ் செய்தீர்களா என்று கேளுங்கள்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தாதீர்கள். அம்மா இரண்டு நிமிடம் கதைப்பார், மகள் "சரி என்கிறார்" என்பாள். அரசாங்கத்தின் போன் மொழிபெயர்ப்புச் சேவை 1973 முதல் இருக்கிறது, 131 450 என்ற இலக்கம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதிலும் ஒரு சிக்கல். "எனக்கு ஆக்கினை குடுக்கிறாங்கள்" என்று ஒரு அம்மா சொன்னதை, தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் 'ஆணையிடுகிறார்கள்' என்று எடுத்துச் சொன்னார். அவர் மேல் பிழையில்லை. ஆனால் வதைக்கிறார்கள் என்று ஒரு தாய் சொன்னது, அதட்டுகிறார்கள் என்று ரிப்போட்டில் ஏறுகிறது. உங்கள் காதுக்கு அது பிடிபடும். அதற்காக நீங்களே மொழிபெயர்ப்பாளராக மாறிவிடவும் கூடாது. முடிவெடுப்பவரும் சொல்லை மாற்றித் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

நம் சமூகம் சின்னது. மேஸ் ஹில் முருகன் கோவில் தேருக்குப் போனால், கோப்பில் இருக்கும் பெயரின் மச்சானோ பெறாமகளோ முன்னால் வருவார். தெரிந்த குடும்பம் என்றால் முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லி ஒதுங்குங்கள். யாராவது கோவில் வாசலில் வைத்து, "பிள்ளை, அந்த அம்மாவின் விஷயம் உங்களிடம்தானே?" என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லாமல் விட்டதற்காக ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரவில்லை.

இனித் தெளிவில்லாத பகுதி. ஒருவரின் நலன் முக்கியமா, விருப்பம் முக்கியமா? ஐநா மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு விருப்பத்தின் பக்கம் நிற்கிறது. அவுஸ்திரேலியா 2008இல் அதை ஏற்றது. விக்டோரியா 2019இல் தன் சட்டத்தை அந்த வழியில் திரும்ப எழுதியது. உங்கள் மாநிலத்தின் 1987 சட்டம் நலனை முதலில் வைக்கிறது, அதோடு சுதந்திரத்தைக் குறைந்த அளவே கட்டுப்படுத்த வேண்டும், அவருடைய கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், குடும்ப உறவையும் மொழி, கலாசாரச் சூழலையும் காப்பாற்ற வேண்டும் என்கிறது. முடிவெடுக்க உதவுவதை மையமாக வைத்துப் புதிய சட்டம் வேண்டும் என்று 2018இல் அம்மாநிலச் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழு பரிந்துரைத்தது. நேர்முகத்தில் இதைக் கேட்கலாம், படித்துக்கொண்டு போங்கள். என் கருத்தைக் கேட்டால், விருப்பம் தெரியும் இடத்தில் விருப்பம்தான். ஆனால் பேச்சே வராத, பழைய வாழ்க்கையைச் சொல்ல யாரும் இல்லாத ஒருவருக்கு 'அவர் விருப்பம்' என்று நாங்கள் எழுதுவது எங்கள் ஊகத்துக்குப் போட்ட நல்ல சட்டைதான். அதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதிகாரம் பெரியதாகத் தெரியும், ஆனால் இருக்கிறவற்றில் ஒன்றைத் தேர்வதற்கு மட்டும்தான். வீட்டுக்குப் போகட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், காலையில் வந்து பார்க்க ஆளுக்கு நிதி ஒதுக்குவது வேறு இடம். வைத்தியம் வேண்டாம் என்று அவர் கையை உதறினால், சாதாரணமாக உங்கள் சம்மதம் மட்டும் போதாது, தீர்ப்பாயம் அதற்கென்று தனி அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

இரவு நித்திரை வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் வருடம் வரவில்லை. பிறகு, எல்லா முடிவிலும் 'எனக்குத் தெரியாதவை' என்று ஒரு பந்தி எழுதத் தொடங்கியதும் கொஞ்சம் வந்தது. அப்புறம், வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே நானும் கணவரும் ஒரு சட்டத்தரணியிடம் போய், எங்களுக்கு இயலாமல் போனால் யார் முடிவெடுப்பது, பணத்தை யார் பார்ப்பது என்று இரண்டு பத்திரங்களையும் தனித்தனியாக எழுதி வைத்தோம். புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் அதை எழுதலாம். உங்கள் கணவரோடு இதைப் பற்றிக் கதைத்தால், அவர் கேட்ட கேள்விக்கும் வழி திறக்கும்.

நேர்முகத்தின் கடைசியில் உங்களையும் கேள்வி கேட்கச் சொல்வார்கள். ஒருவர் கையில் எத்தனை பேர், முதல் வருடத்தில் உங்கள் முடிவுகளை யார் திரும்பிப் பார்ப்பார், இரவுக் கோல் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். நேரில் போய்ப் பார்க்க நேரம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். 'தேவைப்பட்டால் போகலாம்' என்று பதில் வந்தால், போன மாதம் உங்கள் குழுவில் எத்தனை பேர் போனார்கள் என்று விடாமல் கேளுங்கள்.